கிணற்றுப் புத்தகத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை

கடைசியாக நான் ஆவுடையப்பன் அண்ணாச்சியை உயிரோடு பார்த்தபோது, அவர் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசற்படியில் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் மறித்து, தான் எழுதிய புத்தகத்தைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டிருந்தார். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போன ஒரு வெள்ளிக்கிழமைச் சாயங்காலம். என்னையும் மறித்தார்.

"படிச்சிட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

"நீரு படிச்சு முடிக்கதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்வே" என்றார்.

சொன்னபடியே மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒருவர் தன் புத்தகத்துக்குக் கெட்ட வார்த்தை கேட்டு ஏன் வாசலில் நிற்க வேண்டும் என்பது புரிய வேண்டுமானால், எங்கள் மேலப்பனையடியில் வாசகர் சொல் பலிக்கத் தொடங்கிய கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் நூலகத்தில் மேற்குச் சுவரை ஒட்டி ஓர் அலமாரி உண்டு. காலஞ்சென்ற வக்கீல் ஒருவரின் வீட்டார், அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்துவைத்த பழைய வரலாற்றுப் புத்தகங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பஞ்சத்தின் வரலாறு, ரயில்பாதையின் வரலாறு, நாணயங்களின் வரலாறு, மிளகு வணிகத்தின் வரலாறு, கலங்கரை விளக்கங்களின் வரலாறு, பாளையக்காரர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட வரலாறு என்று கரையானைத் தவிர வேறு யாரும் புரட்டாத புத்தகங்கள். யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துக்கட்டும்படி மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நூலகர் மைதீன்பிச்சைக்கு மனம் வரவில்லை. வருகிறவர்கள் காலில் விழாத குறையாக ஆளுக்கொன்றைக் கையில் திணித்தார்.

"படிக்காண்டாம். வீட்ல கொண்டு வச்சிட்டுத் திருப்பிக் கொண்டாங்க, போதும்" என்றார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததைச் சும்மா வைத்திருக்கிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. படித்தார்கள். படித்ததைப் பற்றிப் பேசவும் செய்தார்கள். அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் பலித்தது எஸ்தர்பாக்கியத்தின் சொல். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கே அவள் சிஸ்டர். ஊசியைவிட நாக்கு கூர்மை என்று பெயர் வாங்கியவள். பாளையக்காரர் சண்டையைப் பற்றிய தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டு, "சரியான அறுவை, பாய்" என்றாள். மைதீன்பிச்சை அதை எடுத்து வைக்கப் போனார். கட்டைவிரலில் கோடு போட்டது போல் ரத்தம் வந்தது. சிஸ்டர்தான் கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் கட்டுப் போட்டாள்.

"புதுத் தாள் சில சமயம் அறுக்கும் சிஸ்டர்."

"இது என் தாத்தா காலத்துத் தாள், பாய்."

அடுத்த வாரம் கல்யாணச் சமையல்காரர் ஒருவர் அந்தப் புத்தகத்தை உறுப்பினர் அட்டையில் முறைப்படி எடுத்துக்கொண்டு போய், ஒரு மூட்டை சேனைக்கிழங்கை அரிந்துவிட்டு, துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ரயில்பாதையின் வரலாற்றைப் படித்த பள்ளிக்கூட எழுத்தர் ஒருவர், "கதை நகரவே மாட்டேங்கு" என்று சொல்லி அலமாரியில் செருகினார். அன்றிலிருந்து அது நகரவில்லை. நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது, அலமாரி வந்தது, புத்தகம் அந்தரத்தில் அதே இடத்தில் நின்றது. வெள்ளையடிக்கிறவர் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார். மிளகு வணிகத்தின் வரலாற்றை ஒருவர் வழவழா கொழகொழா என்றார். அது வெண்டைக்காய் அரிந்த கையைப் போல ஆகி, யார் எடுத்தாலும் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு ராஜவம்சத்தின் வரலாற்றைப் படித்த டீக்கடைக்காரர் "புளுகு மூட்டை" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். மறுநாள் அது வாய் தைத்த சாக்குமூட்டையாக அலமாரியில் உட்கார்ந்திருந்தது. படிக்க விரும்பியவர்கள் தையலைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி தைத்து வைத்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்பப் பொடி" என்றார். எழுத்தெல்லாம் பொடியாகி மடியில் கொட்டியது. மைதீன்பிச்சை அதைக் கூட்டி எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பாட்டில்மேல் புத்தகத்தின் பெயரையும் எண்ணையும் ஒட்டி, அதே இடத்தில் வைத்தார். கணக்குக்குப் புத்தகம் இருந்தது.

எல்லாமே விளையாட்டாகவும் இல்லை. பஞ்சத்தின் வரலாற்றைப் படித்த ஒரு பீடி சுற்றும் பெண், அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மனசு பாரமாயிட்டு சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் புத்தகம் கனத்துப்போயிற்று. ரைஸ்மில் சொள்ளமுத்து அதை எடைக்கல்லாகக் கேட்டபோது, மைதீன்பிச்சை அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. நானும் ஒரு புத்தகம் எடுத்திருந்தேன். என் மனைவி இறந்தபிறகு மத்தியான வேளையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நூலகத்துக்குப் போகத் தொடங்கியவன் நான். கலங்கரை விளக்கங்களின் வரலாற்றைப் படித்து முடித்து, பேச்சுத்துணையாக இருந்தது என்று சொன்னேன். அன்றிலிருந்து அதைத் திறந்துவைத்துக்கொண்டு எதைச் சொன்னாலும் அது 'ம்' கொட்டுகிறது. அதை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கெடு முடியும்போதெல்லாம் புதுப்பித்துக்கொள்கிறேன்.

ஊர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதிதாக வந்த பஸ்ஸை எடுத்துக்கொண்ட மாதிரிதான் எடுத்துக்கொண்டது: முதலில் கூட்டமாக வந்து பார்த்தது, பிறகு என்ன பிரயோஜனம் என்று கேட்டது, பிறகு நேரத்துக்கு வரவில்லை என்று குறைப்பட்டது. பிரயோஜனத்தை முதலில் கேட்டவர் சொள்ளமுத்துதான். நாணயங்களின் வரலாற்றை அலமாரியிலிருந்து எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊர் கேட்க, "தங்கமான புத்தகம்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து இன்னும் உரக்கச் சொன்னார். அட்டையிலிருந்த ஒரு பூச்சி பறந்துபோனதுதான் மிச்சம்.

"படிச்சீங்களா முதலாளி?" என்று கேட்டார் மைதீன்பிச்சை.

"தங்கத்தப் படிச்சா பாய் வாங்குதோம்?"

"இங்க படிச்சாத்தான் பலிக்கும். அதும் கடைசிப் பக்கம் வரைக்கும். அதுக்குமேல, வாய் சொல்லதை மனசும் சொல்லணும்."

சொள்ளமுத்து புத்தகத்தை மில்லுக்குக் கொண்டுபோய், நெல் அவிகிற புகையில் உட்கார்ந்து, உதடு அசைய, ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தார். அவர் ஒருவர் படிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, பேன்சி ஸ்டோர்காரர் முத்துக்குளிப்பின் வரலாற்றை எடுத்தார். பால்காரர்கள் பசுவினங்களின் வரலாற்றுக்குச் சண்டை போட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் சீட்டுக்கட்டு காணாமல் போயிற்று. கடைசியில் தை மாதத்தில் ஒருநாள் சொள்ளமுத்து நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தங்கம் என்று சொல்லத்தான் வந்தார். பின்னாலேயே கூட்டமும் வந்தது. மேசைமேல் புத்தகத்தை வைத்தார், வாயைத் திறந்தார், கோபம் வந்துவிட்டது.

"பாய், ஒரு ராசாகூட ஒழுங்கில்ல பாய். சண்டைக்குக் காசு பத்தலேன்னா தங்கத்துல செம்பக் கலந்து அடிச்சிருக்கான். அவன் மவன் அதுல ஈயத்தக் கலந்திருக்கான். என் அரிசியில ஒரு கல்லு கெடந்தாச் சண்டைக்கு வாராங்க. எல்லாம் கலப்படம் பாய். முழுக்கக் கலப்படம்."

அந்தப் புத்தகத்தில் இப்போதும் சோழர் காசுக்கு அடுத்த பக்கத்தில் மிளகு ஏற்றுமதியும், அதற்கு அடுத்ததில் பசுமாட்டின் சுழிகளும் வருகின்றன. சொள்ளமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "இதே ஆளு வேற ஏதும் எழுதியிருக்கானா பாய்?" என்று கேட்டார்.

ஊரார் ஜாக்கிரதையானார்கள். கருத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மைதீன்பிச்சை 'எச்சில் துப்பாதீர்' என்ற பலகையின் கீழே 'கருத்துச் சொல்லாதீர்' என்று சுண்ணாம்பில் எழுதி வைத்தார். விசாரிக்க மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்து, குப்பை, வீண், தண்டம் என்று சொல்லிக்கொண்டே போனார். எதுவும் எதுவாகவும் ஆகவில்லை. அவர் அதில் ஒன்றையும் படித்ததில்லை.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அந்த அலமாரியில் ஒரே ஒரு புத்தகம் மட்டும் தாளும் அட்டையுமாக, அறுக்காமல், வழுக்காமல், 'ம்' கொட்டாமல் சாதாரணப் புத்தகமாகவே இருந்தது. அதுதான் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் 'மேலப்பனையடி வட்டாரக் கிணறுகளின் வரலாறு'. கிணறு வெட்டக் கடன் கொடுக்கிற வங்கியில் அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். உத்தியோக காலம் முழுக்கக் கிணற்று மேட்டிலேயே கழித்து, அளவு நாடாவை இறக்கி இறக்கி ஏற்றி, அளந்ததை எல்லாம் எழுதி, தன் செலவில் அச்சுப்போட்டிருந்தார். யார் வெட்டியது, எத்தனை அடியில் சரளை, எத்தனை அடியில் பாறை, தண்ணீர் உப்பா சப்பா, விழுந்தவர் யார், தூக்கியவர் யார் என்று எல்லாக் கிணற்றுக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தார். வீட்டிலிருந்த பிரதிகளைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது நூலகத்தில் இருந்த அந்த ஒன்றுதான்.

சொல் பலிக்கிறது என்று தெரிந்த அன்றே அண்ணாச்சி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிட்டார். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வாயால் சொல்லமாட்டார், ஆனால் எல்லோருக்கும் தெரியும். கிணற்றைப் பற்றி எழுதியவருக்கு ஒரு வாசகர் என்ன சொன்னால் இனிக்கும்? வெளியீட்டு விழாவில் பேசினவர்கள் எல்லாரும், படிக்காமலே, 'ஆழமான நூல்' என்றுதான் பேசியிருந்தார்கள். இப்போது யாராவது படித்துவிட்டு அதையே சொல்லவேண்டும். யாரும் பார்க்காதபோது அவர் அந்தப் புத்தகத்தை மேசையில் விரித்து, நூலில் கட்டிய பாக்கு ஒன்றை நடுப்பக்கத்தில் இறக்கிப் பார்ப்பார். பாக்கு தாளில் பட்டு டொக்கென்று நிற்கும். அண்ணாச்சி நூலைச் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நாங்கள் எல்லாரும் பேப்பர் படிப்பதுபோல் இருப்போம்.

சிக்கல் என்னவென்றால், அவரை எல்லோருக்கும் பிடிக்கும். பிடிக்கும் என்பதால் யாரும் அதைப் படிக்கத் துணியவில்லை. படித்து முடித்தால் ஏதாவது தோன்றும், தோன்றினால் வாயில் வரும், வந்தால் பலிக்கும், இருப்பதோ ஒரே பிரதி. நான் முதல் மூன்று கிணறுகளைப் படித்தேன். நான்காவது கிணற்றின் கைப்பிடிச் சுவரிலேயே தூங்கிப்போனேன். நான் மனதாரச் சொன்னால் அந்தப் புத்தகம் குறட்டை விடும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டதால், படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஊர் முழுக்க அப்படித்தான் நிறுத்திக்கொண்டது. டீக்கடைக்காரர் பாதியில் இருப்பதாகச் சொன்னார். தபால்காரர் கண்ணாடி மாற்றியதும் ஆரம்பிப்பதாகச் சொன்னார். சொள்ளமுத்துகூட அண்ணாச்சி வருவதைப் பார்த்தால் மில்லுக்குள் போய்விடுவார்.

முதலில் ஆழத்துக்கு ஆசைப்பட்ட அண்ணாச்சி, போகப்போக இறங்கி வந்தார். நல்லது வேண்டாம், சுமார் என்று சொல்லுங்கள் என்றார். பிறகு, மோசம் என்றாவது சொல்லுங்கள் என்றார்.

"அறுவைன்னாவது ஒருத்தன் சொல்லுங்கவே. விரல்ல ரத்தம் வந்தா, ஒருத்தன் கடைசி வரைக்கும் படிச்சிருக்கான்னு நான் சந்தோஷப்பட்டுக்கிடுவேன்."

யாரும் சொல்லவில்லை. கடைசியில் அவர் எஸ்தர்பாக்கியத்திடம் போனார். கெட்ட வார்த்தைக்கு அவளைவிட்டால் யார்?

"சிஸ்டர், நீங்க யாருக்கும் தாட்சண்யம் பாக்கமாட்டீங்க. எனக்கும் பாக்காதீங்க."

"உங்களுக்கு ஏன் சார் பாக்கப்போறேன். கிணத்தப் பாக்கத்தான் எனக்குப் பயம். அதுல என்ன சார் இருக்கு? எட்டிப்பாத்தா தண்ணி, இல்லாட்டித் தவளை."

"தவளை பத்தியும் எழுதியிருக்கேன்."

"அதான் பயம்ங்கேன்."

அடுத்த ஐப்பசியில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. தினமும் ஊசி போடவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட, போட வந்தவள் சிஸ்டர். அவர் சட்டைக் கையை மடக்கமாட்டேன் என்றார். புத்தகத்தை எடுத்துப் படிப்பதாகச் சொன்னால்தான் கையைக் கொடுப்பேன் என்றார்.

"வயசுக்குத் தக்கன பேசுங்க சார்."

"வயசுக்குத் தக்கனதான் பேசுதேன் சிஸ்டர். எனக்கு நேரம் இல்லேல்லா."

சிஸ்டர் அன்று சாயங்காலம் நூலகத்துக்கு வந்து, பலகையைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டு, கிணற்றுப் புத்தகத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மைதீன்பிச்சை மேசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அவள் பின்னாலேயே தெருமுனை வரை போனார்.

"சிஸ்டர், ஒரே பிரதி. உங்களுக்கு என்ன தோணினாலும் நல்ல வார்த்தையா ஒண்ணு..."

"என்ன சொல்லணும்னு முன்னாலயே சொல்லிக்குடுத்தா அதுக்குப் பேரு கருத்து இல்ல பாய். சிபாரிசு."

அன்றிலிருந்து அண்ணாச்சி கையை நீட்டிய உடனே கேட்பது ஒரே கேள்வி.

"எந்தக் கிணத்துல இருக்கீங்க சிஸ்டர்?"

"சத்திரத்துக் கிணத்துல."

"இன்னும் அங்கயா? நேத்தும் அங்கதான இருந்தீங்க."

"நீங்க ஏறவிட்டாத்தான. ஒவ்வொரு கல்லா எண்ணியிருக்கீங்க."

செய்தி தெருவில் பரவும். சிஸ்டர் நந்தவனக் கிணற்றைத் தாண்டிவிட்டாள் என்று டீக்கடையில் சொல்வார்கள். ஏழுபடிக் கிணற்றில் மாட்டிக்கொண்டு இரண்டு நாளாக ஏறமுடியவில்லை என்று மில்லில் பேசிக்கொள்வார்கள். ரெட்டைக் கிணற்றுப் பக்கம் வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்ததாகவும், ஊசி போடும்போது கூடுதலாக ஒரு வார்த்தை கேட்டதாகவும் அண்ணாச்சி எல்லோரிடமும் சொன்னார். அவள் கேட்டது இதுதான்: "அந்தக் கிணத்துல விழுந்த பிள்ளையத் தூக்கினவர் பேரு போடலியே, ஏன்?" அண்ணாச்சி கூரையைப் பார்த்தாராம். "நீங்கதானா?" என்று அவளே கேட்டுக்கொண்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அவர் என்னிடம், "ஒருத்தர் அவ்வளவு தூரம் வாசிச்சிருக்காங்கவே. கிணறு கிணறா எறங்கி ஏறி வாராங்க" என்றார். ஊசியைவிட அந்தப் பேச்சில்தான் அவருக்கு உடம்பு தேறியது. எழுந்து நடமாடத் தொடங்கினார். அந்த வெள்ளிக்கிழமை நூலகம் வரை நடந்தே வந்துவிட்டார்.

சிஸ்டர் அன்று பேய்க்கிணற்றில் இருந்தாள். அதற்குப் பிறகு இரண்டே கிணறுதான் பாக்கி. இருந்தும் அவருக்கு ஆசை அடங்கவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்ற பயமும் இருந்திருக்கும். வேறு யாராவது முந்திக்கொண்டு ஒன்றைச் சொல்லிவிடமாட்டார்களா என்றுதான் வாசற்படியில் நின்று எங்களை மறித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் அவரை நடுக்கூடத்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மகள் கோமதி பக்கத்து ஊரிலிருந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் படிக்காமல் நழுவியவர்கள் எல்லாரும், நான் உட்பட, முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் சிஸ்டர் வந்தாள். கையில் ஊசிப்பை இல்லை, புத்தகம் இருந்தது. அதைப் பார்த்ததும் மைதீன்பிச்சை எழுந்துவிட்டார். சொள்ளமுத்து அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அவள் அழவில்லை. பெஞ்சின் பக்கத்தில் நின்று, ஊசிக்குக் கையை நீட்டாத நோயாளியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சு உக்காந்து கடைசிக் கிணத்தையும் படிச்சிட்டேன் சார். ஊசி போட வரும்போது சொல்லலாம்னு இருந்தேன். உங்களுக்கு அவசரம்" என்றாள். புத்தகத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "மூடி வச்சிட்டு அடுப்பப் பத்தவைக்கேன், கிணறு அங்க வந்து நிக்கி. பல்லு தேய்க்கேன், அங்க வந்து நிக்கி. தெருவுல வாரேன், ஒவ்வொரு வீட்டுப் பின்னாலயும் ஒரு கிணறு இருந்திருக்குமேன்னு எட்டி எட்டிப் பாத்துட்டு வாரேன். சை, என்ன புத்தகம் சார் இது? படிச்சு முடிச்சாலும் முடிய மாட்டேங்குதே."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை மைதீன்பிச்சை கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அறுக்கவில்லை, கனக்கவில்லை, வழுக்கவில்லை. எல்லாரும் எட்டிப்பார்த்தோம். பழைய புத்தகம்தான்.

"பலிக்கல போலுக்கே" என்றார் சொள்ளமுத்து மெதுவாக.

"வாய் சொன்னத மனசு சொல்லியிருக்காது" என்றார் டீக்கடைக்காரர்.

சிஸ்டர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தன் டீக்கடை ஞாபகம் வந்தவர்போல் எழுந்து போய்விட்டார். கோமதி மட்டும் அப்பாவின் காதருகே குனிந்து, சிஸ்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து மைதீன்பிச்சை நூலகத்தைத் திறந்தபோது, கிணற்றுப் புத்தகத்தின் அட்டை சரியாக மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி எந்தக் கிணற்றை எழுதி முடித்தாலும், 'இனி அடுத்த கிணற்றைக் காண்போம்' என்று ஒரு வரி போட்டுத்தான் முடிப்பார். கடைசிக் கிணற்றின் கீழ் மட்டும்தான் 'முற்றும்' என்று இருந்தது. இப்போது அந்த இடத்தில் 'முற்றும்' இல்லை. இனி அடுத்த கிணற்றைக் காண்போம் என்று இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், அவர் அளக்காத ஒரு கிணறு, மேலத்தெருவில் இருபது வருஷத்துக்கு முன் தூர்த்துக் குப்பை கொட்டி மேலே வீடும் கட்டிவிட்ட கிணறு, அதே சுற்றளவு, அதே சரளை, அதே பாறை, விழுந்தவர், தூக்கியவர் என்று, அவர் எழுதுகிற மாதிரியே, தூக்கம் வருகிற மாதிரியே வந்திருந்தது.

அந்த வீட்டுக்காரர் வந்து படித்துவிட்டுப் போய், கிணற்றுக்கு நேர்மேலே இருந்த சோற்றுப் பானையை வேறு இடத்துக்கு மாற்றினார். மறுவாரம் இன்னும் இரண்டு கிணறுகள் வந்தன. மறந்துபோனவை முதலில் வந்தன, பிறகு வற்றியவை, பிறகு, பண்ணையில் ஒருவர் புதிதாக வெட்டத் தொடங்கி இன்னும் தண்ணீர் காணாத கிணறு, வெட்டுகிறவர்கள் பாறையைத் தொடுவதற்கு முன்பே பாறை எத்தனை அடியில் என்பதோடு வந்துவிட்டது. மைதீன்பிச்சைக்கு பைண்டிங் வேலை ஓயவில்லை. நூலகத்துக்கு வருகிறவர்கள் பேப்பரைப் பார்ப்பதற்கு முன் தங்கள் வீட்டுக் கிணறு வந்துவிட்டதா என்று பார்த்தார்கள். வராதவர்களுக்கு வருத்தம். வந்தவர்களுக்கு, அளவு தப்பு என்று சண்டை.

ஊரார் இப்போது அந்தப் புத்தகத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசுகிறார்கள். சுண்ணாம்பில் எழுதிய பலகையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அறுவை என்கிறார்கள், கடி என்கிறார்கள், வழவழா என்கிறார்கள். தபால்காரர் முழுக்கப் பொடி எழுத்து என்று வாசலில் நின்று கத்திப் பார்த்தார். நானும் ஒருநாள் துணிந்து, தூக்கம் வருகிறது என்று மனதாரச் சொன்னேன். குறட்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. படித்து முடித்தவர் சொல்தான் பலிக்கும். இதை இனி யாரும் படித்து முடிக்க வழியில்லை. அண்ணாச்சிக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்காத வாசகர் கருத்து, தினமும் நூலக வாசலில் கூடை கூடையாகக் கொட்டுகிறது. ஒன்றுகூட அவர் புத்தகத்தின்மேல் ஒரு கீறல் போடமாட்டேன் என்கிறது.

எஸ்தர்பாக்கியம் சிஸ்டர் மட்டும் வாரா வாரம் வந்து, புதிதாக வந்த பக்கங்களை நின்றபடியே படித்துவிட்டு, "தவளையக்கூட விடல பாரு இந்த மனுசன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறாள்.

அது இப்போது கீழ்த்தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஐந்து பாகங்களாக இருக்கிறது. நேற்று வந்த பக்கத்தில் ரயிலடிக்குப் பின்னால் போட்ட ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. நானூறு அடி, உப்புத் தண்ணீர்.